கைமாறும் மருத்துவம்: அகதி முகாம்களில் நலப்பணியாளர் கற்கவேண்டியவை

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். மழை தொடங்கியதும் மேற்கு வங்க முகாம்களில் காலரா பரவியது. எல்லையோரச் சிற்றூரான போங்காவ் மருத்துவமனையில் அந்நோயாளிகளுக்கென்று இருந்தவை இரண்டு அறைகள், 16 படுக்கைகள். ஜூன் கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்த குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ், தரையெங்கும் நோயாளிகள் கிடப்பதைப் பார்த்தார். ஒருவருக்குச் சலைன் ஏற்ற வேண்டுமென்றால் வாந்திக்கும் கழிவுக்கும் நடுவே மண்டியிட வேண்டும். சலைன் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. ஊசி ஏற்றத் தெரிந்தவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள்.

அவர் செய்தது இன்று மருத்துவ வரலாறு. 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு இவ்வளவுதான். கல்கத்தாவில் அவர் பணியாற்றிய ஆய்வு மையத்தின் நூலக அறையில் இவற்றை எடைபோட்டுப் பாலித்தீன் பைகளில் நிரப்பி, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஓரத்தை ஒட்டினார்கள். லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. முகாமில் பெரிய டிரம்களில் கரைத்து, குவளையில் பிடித்து, பக்கத்தில் இருந்த அம்மாவிடமோ அண்ணனிடமோ கொடுத்தார்கள். குடிக்க வைப்பது இனி அவர்கள் பொறுப்பு. 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது.

கரைசலை மகலனாபிஸ் கண்டுபிடிக்கவில்லை. குளுக்கோஸ் கூட இருந்தால் குடல் உப்பையும் நீரையும் இழுத்துக்கொள்ளும் என்பது முன்பே தெரிந்த அறிவியல். டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும் 1968இலேயே காலரா நோயாளிகளிடம் அதை நிறுவிவிட்டார்கள். ஆனால் அதெல்லாம் மருத்துவரின் கண்காணிப்பில், அளவுக் குவளையும் பதிவேடும் உள்ள வார்டில் நடந்தவை. பயிற்சி பெறாத உறவினரின் கையில் அதைக் கொடுக்கலாமா என்பதில் நிபுணர்களுக்கே பெரிய தயக்கம் இருந்தது. மகலனாபிஸ் தாண்டியது அந்தத் தயக்கத்தை. முகாமில் வேலை செய்யப்போகும் நலப்பணியாளருக்கு என்னென்ன திறன்கள் வேண்டும் என்ற கேள்விக்கு நான் பதில் தேடத் தொடங்குவது இங்கிருந்துதான். தன் கையில் இருக்கும் வேலையில் எதை, யாரிடம், எவ்வளவு கற்றுக்கொடுத்து ஒப்படைப்பது என்று தீர்மானிக்கத் தெரிவதே அங்கே தலையாய திறன் என்பது என் முடிவு. பாடப்புத்தகங்களில் அது கடைசி அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது.

இந்தத் திறன் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்குக் கோமா நகரம் சாட்சி. 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து 5 லட்சம் முதல் 8 லட்சம் பேர் சில நாட்களுக்குள் அன்றைய ஜயர் நாட்டின் அந்த நகரையொட்டி வந்து குவிந்தார்கள். அது எரிமலைப் பாறை நிலம். கழிப்பறைக்கும் குழி தோண்ட முடியவில்லை, புதைப்பதற்கும் தோண்ட முடியவில்லை. குடிக்கக் கிடைத்தது கிவு ஏரித் தண்ணீர். முதலில் காலரா, அதன் பின்னாலேயே இரத்தபேதி. முதல் மாதத்தில் மட்டும் 50,000 பேர் அளவில் இறந்தார்கள். போங்காவ் நடந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. உப்புச் சர்க்கரைப் பொட்டலம் உலகெங்கும் பரவி, நூற்றாண்டின் பெரும் மருத்துவ முன்னேற்றங்களில் ஒன்று என்று பெயரும் வாங்கியிருந்தது. உதவி நிறுவனங்கள் விமானம் விமானமாக வந்து இறங்கின. அப்படியும் சிகிச்சை மையங்களுக்குள்ளேயே ஆட்கள் செத்தார்கள்.

ஏன் என்று பார்க்க டாக்காவின் சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்திலிருந்து ஒரு குழு போனது. காலராவை ஆண்டு முழுவதும் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். 1995இல் லான்செட் இதழில் அவர்கள் எழுதியதன் சாரம் இது: நீரேற்றும் வேகம் போதவில்லை, வாய்வழிக் கரைசலைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை, நரம்பில் ஏற்றிய திரவமே சில இடங்களில் பொருத்தமானதாக இல்லை, கடுங்காலராவைக் கையாண்ட அனுபவம் பணியாளர்களுக்குக் குறைவு. இந்த நான்கும் திறனைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். விமானத்தில் எவ்வளவு மருந்து வந்தாலும் இந்தக் குறை தீராது.

நீரேற்றும் வேகம் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். காலராவில் உடல் வற்றி, நாடி கிடைக்காத நிலையில் ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். அவருக்கு மூன்று மணி நேரத்தில் ஐந்து லிட்டர் ஏற்ற வேண்டும். அதில் ஒன்றரை லிட்டர் முதல் அரை மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும். நகர மருத்துவமனையில் பயின்ற மருத்துவருக்கு இந்த வேகம் நெஞ்சைப் படபடக்க வைக்கும். சலைன் கூடிப்போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று பயந்து பயந்து சொட்டுகளை எண்ணியே அவர் வளர்ந்திருக்கிறார். அதனால் கை தானாகவே குழாயின் திருகை இறுக்கும். அந்த இறுக்கத்தில் நோயாளி போய்விடுவார். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது மெல்ல மடிந்து திரும்புவதைப் பார்ப்பது, கண்குழியைப் பார்ப்பது, கட்டிலின் நடுவில் உள்ள துளைக்கு அடியில் வைத்த வாளியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து அதே அளவைத் திரும்பக் கொடுப்பது, நோயாளி குடிக்கத் தெளிந்த உடனே குவளைக்கு மாற்றுவது: இவையெல்லாம் பத்து நோயாளிகளைப் பார்த்தபின் கையில் வந்து உட்காரும் அறிவு. ஐந்தில் நான்கு பேருக்கு நரம்பு ஊசியே தேவைப்படாது என்பதும் அப்படி வரும் அறிவுதான். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொல்வார்கள். ஒரு செவிலியர் முப்பது குழந்தைகளுக்கு இதைச் செய்ய முடியாது. முப்பது அம்மாக்கள் செய்யலாம். அவர்களை உட்கார வைத்து, முதல் பத்துக் கரண்டியைத் தன் கண் முன்னால் கொடுக்கச் செய்து திருத்துவதுதான் அந்தச் செவிலியரின் வேலை.

நம் ஊரில் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க சார்' என்று கேட்காத குடும்பம் குறைவு. குடிக்கத் தரும் கரைசலை ஏழைக்கான மாற்றாகவும், குழாயில் இறங்கும் தண்ணீரை உண்மையான வைத்தியமாகவும் பார்க்கும் மனம் நோயாளிக்கும் உண்டு, மருத்துவருக்கும் உண்டு. முகாமுக்குப் போகுமுன் கழற்றி வைக்க வேண்டியவற்றில் இது முதலாவது.

கற்றுக்கொடுப்பது என்று சொல்லிவிடுவது எளிது. ஒருவர் கற்றுக்கொண்டாரா என்று அறிவது எப்படி? வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகப் போய், ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் தாய்மாருக்கு உப்பும் வெல்லமும் கலந்த கரைசலைச் செய்யக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரல் சேர்த்து எடுத்த உப்பு, கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர். இதில் எனக்கு மிகவும் பிடித்தது சம்பளக் கணக்கு. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு எத்தனை வீடு ஏறினார் என்பதை வைத்துப் பணம் தரவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்ப்பார். அதற்கேற்பத்தான் கற்றுக்கொடுத்தவருக்கு ஊதியம். இது முகாமில் நடந்த திட்டமல்ல. ஆனாலும் முகாம்களுக்கான பயிற்சித் திட்டம் வகுக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய நிர்வாகப் பாடம். 'இத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம்' என்று அறிக்கை எழுதுவது சுலபம். அந்த எண்ணிக்கைக்குள் எத்தனை கைகள் உண்மையில் பழகின என்பதைத் தனியாக அளக்க வேண்டியிருக்கிறது.

மருத்துவர் முகாமுக்குள் நுழைந்ததும் மேசை போட்டு நோயாளி பார்க்கவே விரும்புவார். வாசலில் வரிசை நிற்கும்போது வேறு என்னதான் செய்வது? ஆனால் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1997இல் வெளியிட்ட அகதி நலக் கையேடு, நெருக்கடிக் கட்டத்தில் செய்ய வேண்டிய பத்துப் பணிகளை வரிசைப்படுத்தியபோது சிகிச்சைக்குத் தந்த இடம் ஆறாவது. முதலில் நிலைமையைக் கணிப்பது, அடுத்து தட்டம்மைத் தடுப்பூசி, பிறகு தண்ணீரும் கழிப்பறையும், உணவு, குடியிருப்பு. அதன் பிறகுதான் மருத்துவக் கூடாரம். தட்டம்மை இவ்வளவு மேலே இருப்பதற்குக் காரணம் 1980களின் ஆப்பிரிக்க முகாம்கள். 1985இல் கிழக்குச் சூடானின் வாட் கௌலி முகாமில், பசியால் மெலிந்து வந்திருந்த எத்தியோப்பியக் குழந்தைகளைத் தட்டம்மை கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. ஊரில் சாதாரணமாக வந்துபோகும் நோய், சத்தில்லாத உடலும் நெருக்கடியான கொட்டகையும் சேர்ந்தால் கொலைநோயாகிவிடுகிறது. வரிசையில் நிற்கும் நோயாளியைப் பார்க்கும் கண் எல்லா மருத்துவருக்கும் உண்டு. இன்னும் நோயாளியாகாத ஐயாயிரம் குழந்தைகளையும் சேர்த்துப் பார்க்கும் கண்ணைப் பழக்கித்தான் பெற வேண்டும்.

அதற்கு எண்ணத் தெரிய வேண்டும். 10,000 பேருக்கு ஒரு நாளில் ஓர் இறப்பு என்ற அளவைத் தாண்டினால் நெருக்கடி. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளானால் இரண்டு. 30,000 பேர் உள்ள முகாமில் நாளுக்கு மூன்று பேருக்கு மேல் இறந்தால் அபாய மணி அடித்தாயிற்று. தாய்லாந்தின் சா கேயோ முகாமுக்கு 1979இல் கம்போடியர்கள் வந்து சேர்ந்தபோது, முதல் நாட்களிலேயே விரைவுக் கணக்கெடுப்பு நடத்தி, யார் எதனால் சாகிறார்கள் என்று பார்த்து அதன்படி வேலையைத் திருப்பிய அனுபவம் இத்துறைக்கு அடித்தளமிட்டவற்றில் ஒன்று. சூத்திரம் எளிது. எண்ணைப் பெறுவதுதான் கடினம். இறந்தவர் பெயரைச் சொன்னால் உணவுப் பங்கீட்டில் ஒரு பங்கு போய்விடுமே என்று குடும்பங்கள் மறைக்கும். அதைப் பொய் என்று கோபித்துப் பயனில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போடும் கணக்கு அது. அதனால் அனுபவசாலிகள் இடுகாட்டில் ஆள் போட்டுப் புதுக் குழிகளை எண்ணுவார்கள், குழி வெட்டுபவரிடம் தினமும் பேசுவார்கள். கோமாவில் பிணங்களைச் சாலையோரம் கொண்டுவந்து வைத்தார்கள், லாரிகள் பொறுக்கிச் சென்றன. அந்த லாரிகளின் கணக்கிலிருந்துதான் இறப்பு விகிதமே கிடைத்தது.

கைமாற்றுதலின் முழு வீச்சையும் பார்க்க விரும்புபவர் தாய்லாந்து–பர்மா எல்லைக்குப் போக வேண்டும். 1986இல் ஷோக்லோ என்ற கரேன் அகதி முகாமில் பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா நொஸ்டன் மலேரியா ஆய்வுப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அங்கே கர்ப்பிணிகள் மலேரியாவில் இறந்துகொண்டிருந்தார்கள். மருந்துக்கு மசியாத மலேரியா அது. கர்ப்பிணிக்குக் காய்ச்சல் தெரிவதற்குள் கை மிஞ்சிவிடும். எனவே காய்ச்சலுக்குக் காத்திருக்காமல், வாரம் தவறாமல் ஒவ்வொரு கர்ப்பிணியின் விரல் நுனியிலும் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வாராவாரம் எத்தனையோ தகடுகள். யார் பார்ப்பது? முகாமின் கரேன் இளைஞர்களும் பெண்களும் உருப்பெருக்கியில் ஒட்டுண்ணியை இனம்காணப் பயின்றார்கள். பேறுகாலப் பணியையும் அவர்களே கற்றார்கள். அந்த ஏற்பாட்டுக்கு முந்தைய ஆண்டில், 1985–86இல், கர்ப்பிணிகளின் மலேரியா இறப்பு ஒரு லட்சம் பிரசவத்துக்கு 1,000 என்ற கணக்கில் இருந்தது. 2005 முதல் 2010 வரை அகதிப் பெண்களிடையே அது பூஜ்யம். பெரிய கட்டடமோ புது மருந்தோ மட்டும் இதைச் சாதிக்கவில்லை. வாராவாரம் வந்து விரல் நீட்டும் பெண்ணுக்கும், தன் மொழியிலேயே பேசி ஊசி குத்தும் பெண்ணுக்கும் இடையிலிருந்த நம்பிக்கை இல்லாமல் இருபது ஆண்டு இந்த ஒழுங்கு நின்றிருக்காது. அதே எல்லையில், மே சோட் நகரில் 1989 முதல் மருத்துவமனை நடத்திவரும் சிந்தியா மாங் தானே ஒரு கரேன் அகதி மருத்துவர். அவருக்கு 2002இல் மகசேசே விருது கிடைத்தது.

சத்துக் குறைபாட்டுச் சிகிச்சையும் இதே பாதையில்தான் வந்தது. கடும் மெலிவுற்ற குழந்தையை வாரக்கணக்கில் வார்டில் வைத்துப் பால் கஞ்சி கொடுத்த காலத்தில், வார்டு நிரம்பி வழிந்தது. வீட்டில் மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாத அம்மா குழந்தையைக் கொண்டுவரவே இல்லை. நிலக்கடலைப் பசை, பால் பொடி, சர்க்கரை, எண்ணெயுடன் சத்துகள் சேர்த்த 92 கிராம் பொட்டலம் வந்ததும், 500 கலோரி அம்மாவின் முந்தானையில் முடிந்துகொண்டு போகக்கூடியதாயிற்று. குழந்தையின் மேற்கையில் சுற்றிப் பார்க்கும் மூவண்ண நாடாவும் அப்படித்தான். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. முதலில் அது சுகாதாரப் பணியாளரின் பையில் இருந்தது. இப்போது பல இடங்களில் தாய்மாரிடமே கொடுத்து, அவர்களையே அளந்து பார்க்கச் சொல்கிறார்கள்.

எல்லாவற்றையும் இப்படிக் கொடுத்துவிட முடியுமா என்றால் முடியாது. 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியர்கள் மியான்மரிலிருந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்துக்கு வந்தார்கள். நவம்பரில் குட்டுப்பாலாங்–பாலுகாலி மேடுகளில் தொண்டை அடைப்பான் தலைகாட்டியது. வந்திருந்த மருத்துவர்களில் பெரும்பாலோர் அந்த நோயைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவர்கள். தடுப்பூசி அதை அவர்கள் ஊரிலிருந்து துரத்திப் பல்லாண்டாயிற்று. மியான்மரில் வழக்கமான தடுப்பூசி எட்டாமல் வளர்ந்த பிள்ளைகள் முகாமில் நெருக்கியடித்துக் கிடந்தபோது அது திரும்பி வந்தது. அதற்கான நச்சுமுறி மருந்து குதிரை இரத்தத்திலிருந்து எடுப்பது. உலகக் கையிருப்பே சொற்பம். ஒவ்வாமை வந்தால் நோயாளி நிமிடங்களில் போய்விடலாம். எனவே முதலில் துளி அளவு போட்டுச் சோதித்து, அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, மெதுவாக ஏற்றி, மணிக்கணக்கில் கூடவே உட்கார வேண்டும். கழுத்து வீங்கிய பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று பேருக்கான மருந்துதான் இருக்கிறது என்றால் யாருக்கு என்பதையும் மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். இது கைமாற்றக்கூடாத வேலை. இந்தப் பாரத்தை அகதித் தொண்டர் தலையில் வைப்பது அநீதி.

அதே கொள்ளைநோயில் இன்னொரு பாதி வேலை முழுக்க அகதிகளுடையது. நோயாளியோடு இருந்தவர்கள் எல்லோரையும் தேடிப் பிடித்துத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். மூங்கிலும் தார்ப்பாயும் கொண்ட பல்லாயிரம் குடிசைகள், கதவு எண் கிடையாது, தெருப்பெயர் கிடையாது. எந்தக் குடிசை யாருடையது, யார் பிள்ளை யார் வீட்டில் ஓதப் போகிறது என்று தெரிந்தவர்கள் ரோஹிங்கியத் தொண்டர்களும் 'மாஜி' எனப்படும் பகுதித் தலைவர்களும்தான். சமூக நலத் தொண்டர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே பின்னாளில் இயங்கினார்கள். சந்தேகத்துக்குரிய நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வந்தும் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே நின்றது.

மாஜியிடம் கேட்கக்கூடாதவையும் உண்டு. ரோஹிங்கியப் பெண்களில் பலர் வல்லுறவுக்கு ஆளாகித்தான் எல்லை கடந்தார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள், கருத்தடுப்பு 120 மணி நேரத்துக்குள் என்ற காலக்கெடு, நடந்தே பல நாட்கள் வந்தவர்களுக்கு வழியிலேயே முடிந்துபோயிருக்கும். அதற்குப் பிறகு வருபவருக்கும் செய்ய வேண்டியவை நிறைய. ஆனால் அவர் வாய் திறப்பாரா? தார்ப்பாய்ச் சுவருக்கு அப்பால் அடுத்த நோயாளியின் மூச்சே கேட்கும். மொழிபெயர்ப்பவர் ஒருவேளை அவர் கணவரின் சித்தப்பா மகன். ரோஹிங்கிய மொழியும் சிட்டகாங் பேச்சும் நெருங்கியவை என்பதால் உள்ளூர் வங்காளி இளைஞர்களே போதும் என்று தொடக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். இரண்டும் நெருக்கமாக இருப்பதாலேயே பிழை வெளியே தெரிவதில்லை, தலையாட்டல் புரிதலாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பவரோடு வேலை செய்வதை மருத்துவக் கல்லூரிகள் ஒரு பாடமாகவே வைக்க வேண்டும் என்பேன். அவர் முகத்தைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுவது, ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேட்பது, சொன்னதைத் திரும்பச் சொல்லச் செய்வது, குழந்தையை ஒருபோதும் மொழிபெயர்க்க வைக்காமலிருப்பது, பெண்ணுக்குப் பெண்ணையே அமர்த்துவது. முழு விவரமும் கேட்டு வாங்கினால்தான் சிகிச்சை என்ற பழக்கத்தையும் இங்கே விட வேண்டும். உடம்புக்கு வேண்டியதைச் செய்யத் தேவையான அளவு கேட்டால் போதும். எழுதிய தாளைப் பூட்டி வைக்க வேண்டும்.

மனநலப் பணியில் இந்த அடக்கம் இன்னும் கூடுதலாகத் தேவை. நடந்ததை உடனே கொட்டச் செய்தால் மனம் ஆறிவிடும் என்று நம்பி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைக்கும் முறை ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. அதனால் நன்மையில்லை, சிலருக்குத் தீங்கும் உண்டு என்று தெரிந்தபின் உலக நல நிறுவனம் அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. 2011இல் அந்நிறுவனமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு கேட்பது மிக எளிமையானது: சுற்றிப் பார், காது கொடு, வேண்டியதோடு இணைத்துவிடு. வற்புறுத்திப் பேச வைக்காதே.

இதைத் தமிழில் தன் வாழ்நாள் பணியாகச் செய்தவர் யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் உளமருத்துவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிய மண்ணில், ஆசிரியர், கிராமத்து அலுவலர், ஆரம்ப நலப்பணியாளர் போன்றோருக்கு உளநலப் பயிற்சி கொடுத்தார். அகதிகளின் உளநலம் பற்றிய ஐ.நா. கையேட்டைத் தழுவி, தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப அமைத்த 'தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம்' அந்தப் பயிற்சிகளுக்குக் கைநூலாயிற்று. பிராணாயாமம், சாந்தி ஆசனம், ஜபமாலை, தொழுகை என்று அவரவர் மரபில் இருப்பதையே மனத்தைத் தணிக்கும் வழியாக அவர் சேர்த்துக்கொண்டார். இழப்பு தனி ஆளுடையதாக மட்டும் இல்லாமல் குடும்பமும் ஊருமாகச் சிதைந்து கிடக்கும்போது, நிமிர்த்துவதும் கூட்டாகத்தான் நடக்க முடியும் என்பது அவர் எழுத்துகளின் மையம். காணாமற்போனவருக்குத் திவசம் கொடுக்கவும் மனமில்லாமல், காத்திருக்கவும் முடியாமல் இருக்கும் ஒரு தாய்க்கு வெளியூர் ஆலோசகர் ஒரு மணி நேரத்தில் என்ன சொல்லிவிட முடியும்? அவர் வீட்டுக்கு அடுத்த வாரமும், அதற்கடுத்த மாதமும் போகக்கூடியவர் அதே ஊர் ஆசிரியைதான்.

முகாம் என்றாலே தற்காலிகம் என்று நினைத்துத்தான் பயிற்சிகளை வகுக்கிறார்கள். கென்யாவின் டடாப் 1991இல் தொடங்கியது. இலங்கைத் தமிழர் தமிழ்நாட்டு முகாம்களுக்கு வரத் தொடங்கியது 1983இல். முதல் ஆறு மாதத்தில் காலராவும் தட்டம்மையும். முப்பது ஆண்டில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும். டடாபின் டகாஹலே முகாமில், குளிர்பெட்டி இல்லாத குடிசையில் இன்சுலின் கெட்டுவிடும் என்பதால் சர்க்கரை நோயாளிகள் ஒவ்வோர் ஊசிக்கும் மருத்துவமனைக்கு நடக்க வேண்டியிருந்தது. நாளுக்கு இரண்டு முறை. வெயிலில் நடக்க முடியாதவர் ஊசியை விட்டுவிடுவார். எல்லைகளற்ற மருத்துவர்களும் ஜெனிவா பல்கலைக்கழகமும் சேர்ந்து அந்தக் குடிசைகளின் வெப்பத்தை அளந்து, 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் சூட்டில் இன்சுலினை நான்கு வாரம் வைத்துச் சோதித்தார்கள். வீரியம் குறையவில்லை. 2021இல் முடிவு வெளியாயிற்று. நோயாளி தன் வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ள இனித் தடையில்லை. இதைச் சாத்தியமாக்கிய ஆய்வகம் எவ்வளவு முக்கியமோ, எழுத்தறியாத ஒரு பாட்டிக்கு அளவுக் கோட்டைக் காட்டி, மயக்கம் வந்தால் சர்க்கரை போட்டுக்கொள்ளச் சொல்லி, நாலு தடவை தன் முன் போடச் செய்து அனுப்பும் செவிலியரும் அவ்வளவு முக்கியம்.

இப்படிப் பயின்றவர்களுக்கு நாம் என்ன தருகிறோம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளையே நலத் தொண்டர்களாகப் பயிற்றுவித்து இயங்கியது. காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியர்களை முறையான வேலையில் அமர்த்த அனுமதியில்லாததால் அவர்கள் பெயர் தொண்டர், கிடைப்பது படி. ஒரே கூடாரத்தில் ஒரே வேலையைச் செய்யும் உள்ளூர்ப் பணியாளருக்குச் சம்பளம், அகதிக்கு ஊக்கத்தொகை என்பது பல நாட்டு முகாம்களில் வழக்கம். பத்தாண்டு மலேரியாத் தகடு பார்த்த, நூற்றுக்கணக்கான பிரசவம் பார்த்த ஒருவர் ஊர் திரும்பினால் அவர் திறனைச் சொல்லும் காகிதம் எதையும் அவர் அரசு ஏற்காமல் போகலாம். கைமாற்றிக் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, மலிவான உழைப்பை வாங்கிக்கொள்வது இதில் ஒளிந்திருக்கும் ஆபத்து. நான் மேலே புகழ்ந்த எல்லாத் திட்டங்களையும் இந்தக் கேள்வியோடுதான் பார்க்க வேண்டும். எனவே முகாமில் பயிற்சி தரும் எந்த அமைப்பும் முதல் வகுப்பு தொடங்குமுன்பே, எந்தப் பாடத்திட்டம், எத்தனை மணி நேரம், யார் தேர்வு வைப்பது, எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த அமைச்சகம் கையெழுத்திடும் என்பதை இரு நாட்டு அதிகாரிகளிடமும் பேசி எழுத்தில் வாங்கிவிட வேண்டும். முகாம் திறந்த முதல் மாதத்தில், எல்லோரும் உதவ முன்வரும் அந்த நேரத்தில் கேட்டால் கிடைக்கக்கூடியது அது.